குண்டுப் பாப்பாவின் வாழ்க்கை வரலாறு

சூப் பிரமாதமாக வந்திருந்தது. டெய்லர் இரண்டாவது கிண்ணத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தபோதுதான் மனைவியிடமிருந்து போன் வந்தது.

“என்னங்க, குண்டுப் பாப்பா பத்திரமா இருக்காளா?”

“எந்தப் பாப்பா?”

“விளையாடாதீங்க. அடுப்பு மேடையில வெச்சிருக்கேனே, எங்க ஆறாம் வகுப்புப் பூசணிக்காய்! பத்து மணிக்கு நூலகத்துக்குக் கொண்டு வந்துடுங்க. பிள்ளைங்க இப்பவே வாசல்ல நிக்கறாங்க.”

டெய்லருக்குத் தொண்டையில் சூப் நின்றுவிட்டது.

நேற்று சாயங்காலம் தையல் மெஷினை மிதித்துக்கொண்டே அரைக் காதில் கேட்டதெல்லாம் இப்போது முழுசாக ஞாபகத்துக்கு வந்தது. மனைவி டீச்சர். அவள் பள்ளியில் ஒரு திட்டம். பிள்ளைகள் எதையாவது விளைவித்து, தெருவுக்கே சமைத்துப் போட்டு, அது வளர்ந்த கதையையும் தாங்களே எழுதிப் படித்துக்காட்ட வேண்டும். ஆறாம் வகுப்பு ஒரே ஒரு பூசணிக்காயைப் பதினான்கு வெள்ளிக்கிழமை அளந்து அளந்து எழுதியிருந்தது. இன்று நூலகத்தில் அந்தக் கதையைப் படித்துவிட்டு, எல்லார் முன்னாலும் காயை வெட்டி சூப் வைக்கப் போகிறார்கள். தலைமையாசிரியை வருகிறார். டீச்சரின் வேலை நிரந்தரமாகுமா, ஆகாதா என்பது இன்றைக்குத்தான் தெரியும்.

இவர் காதில் விழுந்தது நூலகம், பூசணிக்காய், சூப் என்ற மூன்றே வார்த்தைகள். அவளுக்கு ஒரு வேலையாவது மிச்சமாகட்டுமே என்று காலையிலேயே வெட்டி சூப் வைத்துவிட்டார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் கேட்காமலே செய்த முதல் உதவி. பாவி மனுஷன், அதையா செய்ய வேண்டும்!

இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு சந்தைக்கு ஓடினார். டீச்சரின் நோட்டில் சுற்றளவு முப்பத்தொரு அங்குலம் என்றிருந்தது. ஒவ்வொரு காயாகச் சுற்றி அளந்தார்.

“என்ன டெய்லர், பூசணிக்காய்க்குச் சட்டையா?” என்றாள் காய்கறிக்காரி.

“அவசர ஆர்டர்மா, பேச்சு குடுக்காத.”

முப்பத்தொன்று கிடைத்தது. அப்பாடா என்று வீட்டுக்கு வந்தவர் குப்பைக்கூடையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். சீவிப் போட்ட தோலில் ‘6 ஆ’ என்று எழுதியிருந்தது. பிஞ்சாக இருந்தபோதே பிள்ளைகள் கீறிய வகுப்புப் பெயர்.

தோலைப் புதுக்காயின் மேல் வைத்து, சாக்பீஸால் அச்செடுத்து, கத்தரிக்கோல் முனையால் கீறினார். எழுத்து அச்சு அசல். ஆனால் இப்போதுதான் கீறியது என்று பளிச்சென்று காட்டிக்கொடுத்தது. பழுப்பு நிற ஷூ பாலிஷை எடுத்துத் தேய்த்தார். எழுத்து மட்டும் தனியாகத் தெரிந்தது. சரி என்று காய் முழுக்கத் தேய்த்துவிட்டார்.

சூப்பை வீட்டில் விட்டுப் போகவும் பயம். சைக்கிளின் பின்னால் பூசணிக்காய், முன்னால் சூப் பாத்திரம் என்று நூலகம் போய்ச் சேர்ந்தார்.

“பாப்பா வந்தாச்சு!” என்று பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள். ரெட்டைப் பின்னல் போட்ட ஒருத்தி மூக்கைச் சுருக்கினாள். “சார், இவ மேல ஒரு மாதிரி வாசனை அடிக்குதே?”

“விசேஷத்துக்கு வரா இல்ல? சென்ட் போட வேண்டாமா?”

டீச்சர் பாத்திரத்தைப் பார்த்தாள். “இது என்னங்க?”

“கூட்டம் ஜாஸ்தியா வந்தா பத்தாதேன்னு... வேற காய் வாங்கி...”

“எனக்காகவா?” அவள் கண் கலங்கிவிட்டது. டெய்லருக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

ரெட்டைப் பின்னல் படிக்க ஆரம்பித்தாள். “ஏழாவது வாரம் குண்டுப் பாப்பா திடீரென்று மூன்று அங்குலம் பருத்தாள். நாங்கள் பயந்துவிட்டோம். ஒன்பதாவது வாரம் கொஞ்சம் கறுத்தாள். வெயில்தான் காரணம் என்று டீச்சர் சொன்னார்.” கூட்டத்தில் இருந்த மருந்துக்கடைக்காரர் மூக்கை உறிஞ்சினார். டெய்லரும் அழுதார், அவர் அழுகைக்குக் காரணம் வேறு.

“இப்ப எடை பார்க்கலாம்! போன வாரம் ஆறு கிலோ!”

முள் ஐந்தில் நின்றது.

“ஐயோ, இளைச்சுட்டா!” என்று பிள்ளைகள் அலறினார்கள்.

“தராசு ஆடுது, ஆடுது,” என்று டெய்லர் பாய்ந்து வந்து தட்டின் ஓரத்தைப் பிடித்தார். கொஞ்சமாக அழுத்தினால் போதும் என்று பார்த்தார். பயத்தில் கை அழுத்திவிட்டது. முள் ஒன்பதுக்குப் போனது.

தலைமையாசிரியை எழுந்து நின்றுவிட்டார். “ஒரே வாரத்துல மூணு கிலோவா! என்ன உரம் போட்டீங்க டீச்சர்?”

டீச்சர் கணவனைப் பார்த்தாள். கணவன் மின்விசிறியைப் பார்த்தார்.

“இதை வெட்டக் கூடாது. என் அறையில வைக்கணும். திங்கட்கிழமை கல்வி ஆபீஸ் பெரியவங்க எல்லாரும் வந்து பார்க்கட்டும். டீச்சர், உங்க வேலைக்கு நான் பொறுப்பு. சூப்புக்குத்தான் உங்க வீட்டுக்காரர் பாத்திரத்தோட வந்திருக்காரே!”

திங்கட்கிழமை பெரியவர்கள் வருவார்கள், தொடுவார்கள், கை பழுப்பாகும். அப்புறம் வேலையாவது ஒன்றாவது! “வெட்டிடலாம் மேடம், வெட்டினாத்தான் மரியாதை,” என்று கெஞ்சிப் பார்த்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எல்லார் வாயிலும் சூப் இருந்தது.

பள்ளித் தோட்டக்காரர் காயைத் தூக்கினார். இரண்டடி நடந்தவர் நின்றார். தன் உள்ளங்கையைப் பார்த்தார், மோந்தார், டெய்லரைப் பார்த்தார்.

டெய்லர் அவரைக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

“அண்ணே, உங்க காலைப் பிடிச்சுக் கேட்கறேன், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. இது சந்தைக் காய். நிஜப் பாப்பாவைக் காலையில நான் சூப் வெச்சுட்டேன். வெளியே தெரிஞ்சா அவளுக்கு வேலை போயிடும். பிள்ளைங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்?” மேலே பேச முடியாமல் விசும்பினார்.

தோட்டக்காரர் காயை மெதுவாகக் கீழே வைத்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அட, கண்ணைத் துடைங்க டெய்லர்! நிஜப் பாப்பாவை மூணாவது வாரமே பெருச்சாளி தின்னுடுச்சு. பிள்ளைங்க அழுமேன்னு வாரா வாரம் சந்தையில ஒரு சுற்றுப் பெருசா பார்த்து வாங்கி, எழுத்தும் கீறி, கொடியில கட்டி வெச்சது நான்தான். நீங்க சூப் வெச்சது நான் வாங்கின பதினோராவது பாப்பா!”