ஜப்பான் வாளும் ஆயுத பூஜைப் புளியும்

அரவேணு,
10-11-1970

மகாகனம் பொருந்திய மச்சான் சுப்பண்ணன் அவர்களுக்கு, தங்கள் தங்கை ஜானகியைக் கட்டிய லிங்கசாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இவ்விடம் யாவரும் சுகம் என்று எழுதத்தான் கை ஓடுகிறது. ஆனால் இவ்விடம் யாவரும் இல்லை, நான் ஒருவன்தான் இருக்கிறேன், எனக்கும் சுகமில்லை. அவ்விடம் தங்கள் சுகத்துக்கும் அக்காவின் சுகத்துக்கும், ஒரு மாதமாகத் தங்கள் வீட்டில் தங்கியிருக்கும் ஜானகியின் சுகத்துக்கும் ஆண்டவனை வேண்டுகிறேன். அவள் சுகமாகத்தான் இருப்பாள்.

தன் பக்கத்து நியாயத்தை அவள் இதற்குள் நூறு தடவை சொல்லியிருப்பாள். துருப்பிடித்த ஒரு கத்திக்காகத் தெருவே பார்க்கத் தன்னை ஏசினேன் என்று சொல்லியிருப்பாள். மச்சான், அது கத்தி இல்லை, ஜப்பான் வாள். இந்த வித்தியாசம் புரியாததால்தான் எங்கள் குடும்பம் இன்று மலைமேல் பாதி, கோயமுத்தூரில் பாதியாகக் கிடக்கிறது. ஆதியிலிருந்து சொல்கிறேன், தாங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

சர்க்கார் வெடிமருந்து ஃபாக்டரி ஸ்டோரில் முப்பது வருஷம் இருந்துவிட்டு ரிட்டையரானேன். என்னோடு வெளியே வந்தவர்கள் சீட்டாட்டத்தில் இறங்கினார்கள், கோயில் கமிட்டியில் சேர்ந்து சண்டை போட்டார்கள். நான் ஒருவரையும் தொந்தரவு செய்யாமல் வாள் தேடினேன். பர்மா யுத்தம் முடிந்து வந்த பட்டாளத்துக்காரர்கள் ஜப்பான்காரனிடம் பிடுங்கிய வாள்களை ஊருக்குக் கொண்டுவந்தார்கள் என்றும், அவற்றில் சில முந்நூறு நானூறு வருஷத்துச் சரக்கு என்றும் ஒரு பழைய புத்தகத்தில் படித்தது முதல் எனக்குத் தூக்கம் போயிற்று. முதல் வாள் இத்தலாரில் ஒரு தோட்டத்து வீட்டில் கிடைத்தது, அதில் முட்டைக்கோஸ் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வாள் எந்தக் காலத்தது என்று கண்டுபிடிக்க அலகைப் பார்த்தால் போதாது. பிடியில் இருக்கும் மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்துப் பிடியைக் கழற்றினால் உள்ளே ஒரு சாண் இரும்பு ஒளிந்திருக்கும், அதைக் காம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள், செய்த கொல்லன் தன் பெயரை அதில்தான் வெட்டியிருப்பான். நான் கழற்றிப் பார்த்தேன். பெயர் இல்லை, நம்பர் இருந்தது. யுத்த காலத்தில் ஃபாக்டரியில் மொத்தமாகச் செய்த உருப்படி. முப்பது வருஷம் நம்பர் போட்ட சாமானோடு மாரடித்தவன், பென்ஷன் வாங்கியபிறகு அடுத்த நாட்டு ஃபாக்டரி சாமானைத் தேடிப்போய் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஜானகி அதில் பலாப்பழம் வெட்டினாள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது வாள் பெர்ன்ஹில்லில் இருந்த லோயிஸ் துரைசானியுடையது. புருஷன் பர்மாவில் பெரிய ஆபீசராக இருந்தவர். அந்த அம்மாள் வீட்டைக் காலி செய்துகொண்டு சீமைக்குப் புறப்பட்டபோது, பீங்கான் முதல் பியானோ ஸ்டூல் வரை பதினோரு பெட்டியில் வைக்கோல் சுற்றி அடுக்கி, பெட்டிக்கொரு லிஸ்டும் எழுதி ஒட்டிக் கொடுத்தேன். அதற்குப் பதிலாக வாளைக் கொடுத்துவிட்டுப் போனாள். கழற்றிப் பார்த்தால் காம்பில் கறுத்த துரு, துருவுக்குள் ஆறு எழுத்து. மச்சான், அன்றைக்கு நான் அழுதேன். எழுத்துகளின்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, தோக்கியோவில் இந்த வித்தையில் பெயர்பெற்ற ஒரு பெரியவருக்கு அனுப்பினேன். அவர் இங்கிலீஷில் பதில் போட்டார். படித்தவரையில் நானூறு வருஷத்துக்கு முந்திய ஒரு பெரிய கொல்லனின் பெயர், ஆனால் எழுத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, காம்பின் துருவைப் பார்த்துத்தான் வயதைச் சொல்லலாம், துருவைத் தொடாமல் போட்டோ எடுத்து அனுப்பவும் என்று எழுதியிருந்தார். தொடாமல் என்ற சொல்லுக்கடியில் இரண்டு கோடு.

போட்டோ பிடிக்கக் குன்னூர் அம்புரோஸை அழைத்துவரப் போன நாள் எது தெரியுமா, ஆயுத பூஜை. பிடியைக் கழற்றி, வாளை வெள்ளைத் துணியில் கிடத்தி, பூஜைக்கு எடுத்துவைத்த அரிவாள், மண்வெட்டி, சுத்தியலுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் புறப்பட்டேன். போகும்போது, இரும்பென்று பேர் சொல்லக்கூடிய எதுவும் துருவோடு பூஜைக்கு வரக்கூடாது என்று ஜானகியிடம் சொன்னது வாஸ்தவம். ஸ்டோரில் வருஷா வருஷம் சொன்ன வாய், தானாக வந்துவிட்டது. வாளை மட்டும் விட்டுவிடு என்று நான் தனியாகச் சொல்லவில்லைதான். சொல்லவும் வேண்டுமா? திரும்பி வந்து பார்த்தால் கோலம் போட்டு, பொரிகடலை வைத்து, நடுநாயகமாக என் வாள். காம்பு கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. புளியும் செங்கல்பொடியும் போட்டு உச்சி வரை தேய்த்திருக்கிறாள். ஆறு எழுத்துக்கும் ஆறு சந்தனப் பொட்டு, ஆறு குங்குமம்.

நான் என்ன பேசினேன் என்று எனக்கே முழுசாய் ஞாபகமில்லை. அம்புரோஸ் இருந்தான், பக்கத்து வீட்டுப் பாப்பம்மாள் குடும்பத்தோடு வேலியோரம் நின்றிருந்தாள். நானூறு வருஷத்தை நாலு மணி நேரத்தில் அழித்தவளே என்றேன், இன்னும் மோசமாகவும் சொன்னேன். அவள் கத்தவில்லை.

“ஏனுங்க, பூசைக்கு வெக்கிற சாமானைத் துருவோட வெப்பாங்களா? காலையிலிருந்து தேச்சு வெரலெல்லாம் எரியுதுங்க. அதைப் பாத்துமா இப்படிப் பேசறீங்க?”

அவ்வளவுதான். மத்தியான பஸ்ஸில் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிவிட்டாள். வந்தது வந்தோம் என்று அம்புரோஸ் பொட்டும் குங்குமமுமாக வாளைப் போட்டோ எடுத்தான். பிள்ளை போன வீட்டில் படம் பிடிக்கிற மாதிரி இருந்தது. நடந்ததை எல்லாம் எழுதி அதையும் தோக்கியோவுக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துவிட ஆளில்லை, குளிக்கவுமில்லை. சாதம் தினமும் குழைகிறது, ரசம் என்று வைப்பது வெந்நீராக இருக்கிறது. விறகு ஈரம், கண்ணெல்லாம் புகை. பாப்பம்மாள் ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்தனுப்பிவிட்டு, ஜானகி எப்போது வருகிறாள் என்று வேலிக்கு மேலே கேட்கிறாள். இந்தக் குளிரில் இந்த வீட்டில் என்னால் தனியாக இருக்க முடியாது மச்சான்.

ஆனாலும் தப்பு தப்புத்தான். நான் பிடிவாதக்காரன் இல்லை. தெரியாமல் செய்துவிட்டேன் என்று தங்கள் முன்னிலையில் ஜானகி ஒரு வார்த்தை சொன்னால் போதும், அனைத்தையும் மறந்து அவளை மன்னித்து ஏற்றுக்கொள்ளச் சித்தமாக இருக்கிறேன். தாங்கள் பெரியவர்கள், எடுத்துச் சொல்லி அனுப்பிவைக்கவும். அக்காவுக்கு என் வணக்கத்தையும் குழந்தைகளுக்கு ஆசிகளையும் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பை மறவாத
லிங்கசாமி

பி.கு.: தபால்காரர் வடிவேல் இப்போதுதான் தோக்கியோ கடிதத்தைக் கொடுத்தார். கையோடு இதை வாங்கிப்போக வாசலில் நிற்கிறார், வேறு எழுத நேரமில்லை. பெரியவர் எழுதியிருக்கிறார்: காம்பில் இருக்கும் கொல்லன் பெயர் போலி. யாரோ சமீபத்தில் வெட்டி, திராவகம் ஊற்றித் துருப்பிடிக்க வைத்திருக்கிறார்கள். அந்தத் துரு அப்படியே இருந்திருந்தால் தாமே ஏமாந்திருப்பாராம், தேய்த்ததால்தான் வெட்டு புதிது என்று தெரிந்ததாம். துருவைத் தொடுவது மகா பாவமென்றாலும், இந்த ஒரு தடவை அதைச் சுத்தம் செய்த நபருக்குத் தம் மரியாதையையும் நன்றியையும் தெரிவிக்கும்படி கேட்டுக்கொண்டிருக்கிறார். இரண்டு வருஷமாகக் கடிதம் எழுதிய எனக்கு ஒரு வரிகூட இல்லை.

மச்சான், மேலே எழுதியதில் வணக்கத்தைத் தவிர எதையும் ஜானகியிடம் சொல்லவேண்டாம். தங்களுக்குக் கண் ஆபரேஷன் ஆனது முதல் வருகிற கடிதங்களை வீட்டில் யாராவதுதான் படித்துச் சொல்கிறார்கள் என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. அங்கே ஒரு மாதமாகச் சும்மா இருப்பது யார்?

ஜானகி, வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். மன்னிப்பை அண்ணன் முன்னாலேயே கேட்கிறேன், பக்கத்து வீட்டுக்காரர்களையும் வேண்டுமானால் கூப்பிட்டு வை.