தட்டிகளின் மேல் ஓர் உண்ணாவிரதம்

காலைக் காப்பியைக் குடித்த கையோடு, சாகும்வரை உண்ணாவிரதம் என்று அறிவித்துவிட்டார் மாசாணம்.

துடியலூர் மில் கேட்டில் ஆயுசெல்லாம் முழங்கிய மனிதர். இப்போது களம், சொந்த வீட்டு போர்டிகோ. அங்கே அவருடைய பழைய போராட்டத் தட்டிகள் அடுக்கிக் கிடந்தன. அந்த இடத்தில் தன் புது ஸ்கூட்டரை நிறுத்தப்போவதாகச் சொன்னாள் மனைவி கருப்பாத்தாள். அவள் அந்தப் பேச்சைக் கைவிடும்வரை சோறில்லை. அடுக்கின் மேலேயே ஏறிச் சம்மணமிட்டுவிட்டார். நாற்காலிக்காகத் தட்டியைத் தூக்கி எறிந்த தலைவர்களுக்கு நடுவே, தட்டியையே நாற்காலியாக்கியவர் அவர் ஒருவர்தான்.

கருப்பாத்தாள் சண்டைக்கு வரவில்லை. மத்தியானம், வீட்டுப்பாடத்தோடு வந்து படியில் உட்கார்ந்தாள். பத்தாம் வகுப்புத் தனித்தேர்வுக்கு இந்த வயதில் படிக்கிறாள்.

"ஏனுங்க, வருணனை வாக்கியம்னா என்னங்க?"

"எனக்குத் தெரிஞ்ச வாக்கியம் ரெண்டுதான். 'வேண்டும்'னு முடியறது. 'ஒழிக'ன்னு முடியறது."

"இது அப்படியில்லீங்களாமா. எதையும் கேக்காது, ஏவாது. ஒரு பொருளு எப்படி இருக்குதோ அப்படியே கண்ணு முன்னால கொண்டாந்து வெச்சுப்போடுமாமா."

"கேக்காத வாக்கியத்துக்கு எவன் மசிவான்? ஒரு ஆளையாவது எந்திரிக்க வெக்குமா அது?"

"அதென்னமோங்க. நானும் எழுதியிருக்கறேன். தப்பிருந்தா சொல்லுங்க."

நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

"'அரிசியும் பருப்பும் சேர்ந்து மஞ்சளாக வெந்திருக்கின்றன.'"

"ம்."

"'தாளித்த சின்ன வெங்காயம் அங்கங்கே சிவந்து கிடக்கிறது.'"

மாசாணம் எச்சில் விழுங்கினார். இயக்கத்தின் முதல் பின்வாங்கல் தொண்டையில்தான் நடந்தது.

"'சுடுசோற்றுக் குழியில் உருகிய நெய், கரையை உடைத்துக்கொண்டு மெதுவாக இறங்குகிறது.'"

"ஏம்புள்ள, இது கற்பனையா, நெசமா?"

"இருக்கறதத்தான் எழுதோணும்னு டியூசன் மிஸ்ஸு சொன்னாங்க. இப்பத்தான் குக்கரத் தெறந்து வெச்சுப்போட்டு வாரேன்."

"நேர்ல பாக்காம தப்புச் சொல்ல முடியாது. ஆய்வுக்குழு ஒண்ணு போயிப் பாக்கோணும்."

ஆய்வுக்குழு தட்டிகளை விட்டு இறங்கியது. வேட்டியை மடித்துக் கட்டியது. சமையலறைக்குள் போய், தானே வட்டிலை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது.

இரண்டாவது கவளத்தில், வெளியே தட்டிகள் தரையோடு இழுபடும் சத்தம் கேட்டது. அடுத்து, ஸ்கூட்டர் ஸ்டாண்டு 'டக்'கென்று ஊன்றிய சத்தம். மாசாணத்தின் கை நின்றது. மீசை துடித்தது. முதலாளிகளை நடுங்க வைத்த அந்தக் குரல் அடிவயிற்றிலிருந்து கிளம்பியது.

"கருப்பாத்தா."

"சொல்லுங்க."

"நெய்ய எங்க வெச்சிருக்கற?"