யார் குடலுக்கு யார் கையெழுத்து

அன்புத் தங்கைக்கு, உன் அண்ணன் நிதானம் தவறக்கூடாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு எழுதும் கடிதம்.

அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அடுத்த வரியாக, இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் கை போயிற்று. நிறுத்திக்கொண்டேன். நான் நலமா இல்லையா என்பதை என்னைத் தவிர எல்லாரும் கூடிப் பேசி முடித்துவிட்ட வீட்டில் உட்கார்ந்துகொண்டு அப்படி எழுத எனக்கு என்ன அதிகாரம் இருக்கிறது? போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் போனைத் தொட்டாலே வீட்டில் மிக்ஸிகூட நின்றுவிடுகிறது. அதனால் கடிதம். பொறுமையாகப் படி.

மலத்தில் ரத்தம் போனது உனக்குத் தெரியும். மூலமாக இருக்கும் என்று நானே தீர்மானித்து நானே தள்ளிப்போட்டது வரை என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பிறகு நடந்த எதற்கும் நான் பொறுப்பில்லை. குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கவேண்டும் என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே ஒரு நர்ஸ், நல்ல பெண்தான், என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு என் மகன் பக்கம் திரும்பி, "பெரியவருக்கு மலச்சிக்கல் உண்டா?" என்று கேட்டாள். நான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். வாய் இருக்கிறது. என் அருமை மகன் கொஞ்சமும் யோசிக்காமல், "இல்ல சிஸ்டர், காலையில கரெக்டா போயிடுவார்" என்கிறான். இவனுக்கு எப்படித் தெரியும்? வெளியே நின்று மணி பார்த்தானா? பிறகு சம்மதக் கையெழுத்து. அதையும் அவனிடமே நீட்டினாள், அவனும் சொந்த வீட்டுப் பத்திரம் மாதிரிப் போட்டுக் கொடுத்துவிட்டான். "ஏம்மா, குழாய் யாருக்குள்ள போகுது?" என்று கேட்டேன். "பயப்படாதீங்க தாத்தா" என்று தட்டிக்கொடுத்தாள்.

முப்பது வருடமாக ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். என் பயிற்சிக் காரில் ஓட்டுகிறவனுக்கு ஒரு பிரேக், பக்கத்தில் எனக்கு ஒரு பிரேக். அன்றைக்குத்தான் அந்த டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருப்பவனின் நிலைமை எனக்குப் புரிந்தது. ஸ்டியரிங் என் கையில், எல்லா பிரேக்கும் அடுத்தவன் காலடியில்.

குழாய் போய் வந்தது. கட்டி ஒன்று தெரிந்ததையும் அதில் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியதையும் மகனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குச் சொன்னது வாயு. வீட்டுக்கு வந்த பிறகும் வாயு. நீகூடப் போனில், "வாயுதானே அண்ணா, நடந்தா சரியாயிடும்" என்றாய். சின்ன வயதிலிருந்தே பொய் சொன்னால் உனக்குத் தும்மல் வரும், அன்றும் வந்தது. அதை விடு. என்னைப் பயமுறுத்தியது உன் தும்மல் இல்லை, உன் அண்ணி. நான் சொன்னதற்கெல்லாம் "சரிங்க" என்று சொல்ல ஆரம்பித்தாள். கல்யாணமான நாள் முதல் அந்தச் சொல்லை நான் அவள் வாயிலிருந்து கேட்டதில்லை. மகன் டிவி ரிமோட்டை அவனாகவே கொண்டுவந்து என் மடியில் வைத்தான். பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எது வந்தாலும் மனசைத் தளர விடாதீங்க சார்" என்றார். வாயுவுக்கு யாராவது மனசைத் தளர விடுவார்களா? ராத்திரியெல்லாம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். கேட்டால் சொல்லமாட்டார்கள், கேட்காமலிருக்கவும் முடியவில்லை. பயம் என்றால் அப்படி ஒரு பயம்.

இன்று காலை முடிவு சொல்ல டாக்டரம்மா கூப்பிட்டிருந்தார். எனக்கு மட்டும் நாற்காலி, எனக்குப் பின்னால் உன் அண்ணியும் மகனும் நின்றார்கள். டாக்டரம்மாவுக்குப் பின்னால் கை கழுவும் தொட்டி, அதன்மேல் ஒரு கண்ணாடி. இவர்கள் இரண்டு பேருக்கும் நான்தான் கார் சொல்லிக்கொடுத்தேன். எதை மறந்தாலும் கண்ணாடியைப் பார்க்க நான் மறக்கமாட்டேன் என்பதை எப்படி மறந்தார்களோ! பார்த்துக்கொண்டே இருந்தேன். உன் அண்ணி உதட்டில் விரலை வைத்துத் தலையை ஆட்டுகிறாள். மகன் கையை நீட்டி மேலும் கீழும் அசைக்கிறான். வேகத்தைக் குறை என்று வண்டியில் காட்டும் சைகை. நான் சொல்லிக்கொடுத்த சைகையை என் முதுகுக்குப் பின்னாலேயே காட்டுகிறான்!

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய இருக்கீங்களா? இவர்கிட்ட தனியாப் பேசணும்."

"எதுவா இருந்தாலும் எங்ககிட்ட சொல்லுங்க டாக்டர். அப்பாவுக்கு மனசு தாங்காது."

"தாங்குமா தாங்காதான்னு அவரையே கேட்போமே."

உன் அண்ணி கும்பிட்டேவிட்டாள். "அம்மா, உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன். அவர்கிட்ட சொல்லாதீங்க." டாக்டரம்மா எழுந்து வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க பயம் எனக்குப் புரியுதும்மா. ஆனா இது அவர் உடம்பு. எனக்கு எதுவும் தெரியவேண்டாம், என் மனைவிகிட்ட சொல்லுங்கன்னு அவர் சொன்னா, உங்ககிட்டதான் சொல்வேன். அதை அவர்தான் சொல்லணும்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். இத்தனை நாள் கேட்கத் துடித்தவன்தான் நான். வாயுவாகவே இருந்துவிட்டுப் போகட்டுமே என்று ஒரு கணம் நினைத்தேன், பொய் சொல்லவில்லை. பிறகு, "வெளிய இருங்க" என்றேன்.

கதவு சாத்தியதும் டாக்டரம்மா மேஜைக்கு அந்தப் பக்கம் போகாமல் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "முழுசும் சொல்லவா, கொஞ்சம் கொஞ்சமாவா?"

"நான் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவன்மா. முன்னாடி பள்ளம் இருந்தா பள்ளம்னு சொல்லிடணும்."

"பள்ளம்தான் ஐயா."

புற்றுநோய். அந்த வார்த்தையைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டு, நான் மூச்சு விடும்வரை காத்திருந்தார். அந்தக் குடல் பகுதியை வெட்டி எடுக்கவேண்டும், கொஞ்ச காலம் வயிற்றில் பை கட்டவேண்டி வரலாம், வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு உரிமை உண்டு, சொன்னால் என்ன ஆகும் என்பதையும் சொன்னார். "வேற எங்கேயாவது பரவியிருக்கா?" என்று கேட்டேன். "தெரியல. நாளைக்கு இன்னொரு ஸ்கேன் பார்த்தாத்தான் தெரியும். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லமாட்டேன்." வாயு ஆரம்பித்த நாளிலிருந்து நான் முழுசாக நம்பிய முதல் பேச்சு அதுதான். "உங்க அப்பாவா இருந்தா என்னம்மா பண்ணுவீங்க?" "எங்க அப்பா நான் சொல்றதைக் கேக்கவே மாட்டார், நீங்க தேவலை" என்றார். அந்த நிலைமையிலும் சிரித்துவிட்டேன். ஆபரேஷன் சம்மதத்தில் என் கையெழுத்தை நானே போட்டேன். கிறுக்கலாக விழுந்தது, வங்கியில் கொடுத்தால் திருப்பி அனுப்புவார்கள். ஆனால் என்னுடையது.

"வீட்டுல நான் சொல்லட்டுமா, நீங்களே சொல்றீங்களா? நீங்க சொல்லாம நான் அவங்ககிட்ட வாய் திறக்கமாட்டேன்" என்றார். நெஞ்சை நிமிர்த்தி, "நானே சொல்றேன்" என்றேன்.

வெளியே வந்தேன். இரண்டு பேரையும் நிற்கவைத்து எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். இனி இந்த வீட்டில் யாரும் யாரிடமும் எதையும் மறைக்கக்கூடாது, வேண்டியவர்கள் சொல்லும் பொய்தான் நோயைவிடக் கொடுமை என்று ஒரு பிரசங்கமே செய்துவிட்டேன். தலை குனிந்து கேட்டுக்கொண்டார்கள். நீயும் கேட்டுக்கொள்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, அவரவர் உடம்புக்கு அவரவரே கையெழுத்துப் போடும் ஆட்களாக வளர என் ஆசி.

உன் பாசமுள்ள அண்ணன்.

பி.கு.: கடைசியில் எழுதிய பிரசங்கம் நடக்கவில்லை. வெளியே வந்தபோது உன் அண்ணி என் கைப்பையை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். "என்னங்க, வாயுதானே?" என்றாள். "வாயுதான்" என்றேன். அந்த வாயுவைக் கண்டுபிடித்ததே அவர்கள்தான், அதை அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். அவள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்தபிறகு மாற்றிச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. இத்தனை நாள் அவர்களைத் திட்டினேனே, இது எவ்வளவு சுலபம் என்று இன்றுதான் தெரிந்தது.

இதை எழுதும்போது எதிரே அலமாரிக் கண்ணாடியில் அவள் தெரிகிறாள். என் தோளுக்குப் பின்னால் சத்தமில்லாமல் வந்து நின்று படிக்கப் பார்க்கிறாள். நான் பார்த்துவிட்டது அவளுக்குத் தெரியாது. கண்ணைச் சுருக்குகிறாள், பொடி எழுத்து அவளுக்கு எட்டாது. அதனால் இனிமேல் கொஞ்சம் பெரிதாக எழுதுகிறேன். தங்கச்சி, மிச்சம் உனக்கு இல்லை.

வாயு இல்லை.

புற்றுநோய்.

வியாழக்கிழமை ஆபரேஷன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. நீ கூட வரணும்.

தோளைப் பிடித்துவிட்டாள், எழுத்து கோணுகிறது. "காலையிலயா, மத்தியானமா?" என்று கேட்கிறாள்.