ஓவர்லோட்ஸ்டாப் எங்கே, மாமா?

மதிப்பிற்குரிய மருதப்பன் மாமாவுக்கு,

கட்டுமான லிஃப்டில் எடை கூடினால் அதை நிறுத்தும் கணினிக் கோடை வெட்டி எறிந்தவர் நீங்கள்தான். மற்றபடி நான் நலம். உட்லண்ட்ஸில் நீங்களும் அத்தையும் நலமென்று நம்புகிறேன்.

ஓய்வுபெறும்போது உங்கள் வேலையை எனக்கு வாங்கிக்கொடுத்தீர்கள், நன்றி. கூடவே உங்கள் பழைய சி++ கோடும் வந்தது. லிஃப்டின் புதுக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்காக அதை என் டாட்நெட் கோடோடு சேர்த்து ஒரே நிரல் தொகுப்பாக, அதாவது லைப்ரரியாக்க வேண்டும். இரண்டையும் இணைக்கும் லிங்கர் மென்பொருள் பக்கம் பக்கமாகத் திட்டியது. உங்களுடையது 32 பிட், என்னுடையது 64 பிட்; சரிசெய்தேன், விடுபட்ட கோப்பைச் சேர்த்தேன், பிழைகள் உதிர்ந்து உதிர்ந்து கடைசியில் ஒன்றே ஒன்று நின்றது: ஓவர்லோட்ஸ்டாப் எங்கே? பெயர் மட்டும் இருக்கிறது, உள்ளே ஒரு வரிகூட இல்லை. பழைய பெட்டியில் அதை அழைக்கும் வரியையும் நீக்கியிருந்தீர்கள், அதனால் யாரும் கவனிக்கவில்லை. பயந்துபோய் என் கோடில் இருந்த அழைப்பையே அழித்துப் பார்த்தேன். நான் திறந்தே பார்க்காத ஒரு கோப்பு அதே பெயரைக் கேட்டது. அதையும் அழித்தேன். இன்னொன்று கேட்டது. இந்த அலுவலகத்தில் அந்த லிஃப்டில் ஏறுகிறவர்களைப் பற்றிக் கேட்பது லிங்கர் மட்டும்தான் மாமா. எல்லாவற்றையும் திரும்பப் போட்டுவிட்டேன்.

உங்களைக் கேட்டால் "சாப்டியாம்மா?" என்கிறீர்கள். மறுபடி கேட்டால் பூப்போட்ட காலை வணக்கம் அனுப்புகிறீர்கள். பாஸ் சுந்தரேசன்தான் பெருமையாகச் சொன்னார்: "லிஃப்ட் அடிக்கடி நிக்குதுன்னு காண்ட்ராக்டர் கத்துனாரு, உன் மாமா அந்தக் கோடை ஒரே நாள்ல தூக்கிட்டாரு. நீயும் எப்பவும் ஓகேன்னு சொல்ற மாதிரி காலியா ஒண்ணு எழுதிப் போடு லா, எரர் போயிடும்."

லிஃப்ட் ஓட்டும் சின்னத்தம்பி அண்ணனிடம் எத்தனை பேரை ஏற்றுவீர்கள் என்றேன். "கதவு மூடுற வரைக்கும், தங்கச்சி. கூண்டு முனகும். நாங்க பாட்டைச் சத்தமா வச்சுக்குவோம்" என்று சிரித்தார்.

நான் எழுத மாட்டேன். பிழை இருக்கும்வரை லைப்ரரி இல்லை. பழைய பெட்டியைக் கழற்றியாயிற்று, லைப்ரரி இல்லாமல் லிஃப்ட் ஏறாது. எல்லோரும் படியேறி என்னைத் திட்டட்டும், உயிரோடு திட்டட்டும். வெட்டிய கோடின் நகல் உங்களிடம் இருக்கும், அனுப்புங்கள்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறையட்டும்.

உங்கள் மருமகள்,
கவிப்ரியா

பி.கு.: சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன், பில்ட் முடிந்து லைப்ரரி புதுப் பெட்டிக்கும் போய்விட்டிருக்கிறது. பிழை இல்லை. ஓவர்லோட்ஸ்டாப்புக்குள் ஒரே வரி: எப்போதும் ஓகே. எழுதியவர் கவிப்ரியா என்று இருக்கிறது. நான் எழுதவில்லை. என் கடவுச்சொல்லை அமைத்துத் தந்தவர் நீங்கள். வேறு யாருக்கும் தெரியாது. ஜன்னலுக்கு வெளியே, ஜாலான் புசார் கூரைகளுக்கு மேல், லிஃப்ட் ஏறிக்கொண்டிருக்கிறது. உள்ளே நெருக்கியடித்து மஞ்சள் தொப்பிகள். நிறுத்தச் சொன்னேன். "நீதானம்மா ஓகே போட்டே?" என்கிறார் சுந்தரேசன். நான் கட்டுமானத் தளத்துக்கு ஓடுகிறேன். எழுதியது நீங்கள்தான் என்று அவரிடம் சொல்லுங்கள், அப்போதுதான் நிறுத்துவார். உங்கள் போன் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. போனை எடுங்கள், மாமா.