பீட்ரூட் பாத்தியும் என் மீசையும்

என் மீசைக்கு இருபத்தாறு வயது. தலைமுடி என்னை விட்டுப் போன பிறகும் அது கூடவே இருந்தது. அப்படிப்பட்ட மீசையை ஒரு பீட்ரூட்டை நம்பிப் பந்தயம் கட்டியவன் நான்.

சித்திரை மாதம், கம்பைநல்லூர்ப் பக்கம் மாமனார் வீட்டு விருந்தில் நடந்தது அது. என் மனைவி தீர்த்தம்மாளின் தம்பி வீரமணி ஐந்து ஏக்கர் வெள்ளாமைக்காரன். இலை முன்னால் உட்கார்ந்ததுமே என்னைப் பிடித்துக்கொண்டான். காரிமங்கலத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சென்ட் இடம் சும்மா கிடக்கிறதாம். அதில் ஒரு மிளகாய்ச் செடிகூட இல்லையாம். ஆபீசில் பேனா பிடித்த மாமா மண்வெட்டியைப் பிடித்தால் மண்வெட்டிக்குத்தான் கேவலமாம். பந்தியே சிரித்தது. பரிமாறிக்கொண்டிருந்த தீர்த்தம்மாளும் சிரித்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"ஆடிப் பதினெட்டுக்கு எங்க வூட்டுக்குச் சாப்புட வா மச்சான்," என்றேன். "எங்கையால வெளஞ்சதத்தான் உனக்குப் போடுவேன். இல்லன்னா ஒரு பக்க மீசைய எடுத்துட்டு ஆபீசுக்குப் போறேன்."

முழு மீசை என்று சொல்லியிருந்தாலாவது கௌரவமாக எடுத்துவிட்டுப் போயிருக்கலாம். பேசிய வேகத்தில் ஒரு பக்கம் என்று வந்துவிட்டது.

ஊர் திரும்பியதும் நாலு நாள் செல்போனில் வீடியோ பார்த்தேன். வீடியோவில் ஒருவர் விதை தூவினார். அடுத்த நிமிடம் கூடை நிறையக் காயோடு நின்று சிரித்தார். நடுவில் உள்ள அறுபது நாளை அவர் காட்டவில்லை. நான் பீட்ரூட் போடுவதென்று முடிவு செய்தேன். வீரமணி தன் காட்டில் பீட்ரூட் போட்டதே இல்லை. அதனால் அவனால் குற்றம் கண்டுபிடிக்க முடியாது.

வைகாசியில் ஒரு மழை பெய்தது. மண்ணைக் கொத்தினேன். முதல் நாள் உள்ளங்கையில் கொப்புளம். இரண்டாம் நாள் மண்வெட்டி கால் கட்டைவிரலில் இறங்கியது. மூன்றாம் நாள் நான் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருக்க, தீர்த்தம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மிச்ச இடம் முழுவதையும் அரை மணி நேரத்தில் கொத்திப் பாத்தி கட்டிவிட்டாள். கொத்துவதெல்லாம் வெள்ளாமையில் சேராது, விதைக்கிற கைதான் முக்கியம் என்று எனக்குச் சமாதானமும் சொன்னாள். இப்படி ஒரு மனைவி எத்தனை பேருக்குக் கிடைக்கும்? நன்றியோடு நொண்டி நொண்டிப் போய் விதையைத் தூவினேன். வரிசையாக ஊன்றச் சொல்லி பாக்கெட்டில் எழுதியிருந்ததைத் தூவி முடித்த பிறகுதான் படித்தேன்.

பத்தாம் நாள் பாத்தி முழுக்கப் பச்சை. எனக்குத் தலைகால் புரியவில்லை. கொஞ்சம் உற்றுப் பார்த்ததும்தான் தெரிந்தது. விதைத்தது ஒன்று, முளைத்திருந்தது இரண்டு விதம். பாக்கெட்டில் கிழங்கின் படம்தான் இருந்தது, முளையின் படம் இல்லை. தெரியாது என்று ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. தீர்த்தம்மாளைக் கூப்பிட்டு, இதில் களை எது என்று அவளுக்குத் தெரிகிறதா பார்க்கலாம் என்று வாத்தியார் மாதிரி கேட்டேன்.

அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தாள். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. என் திறமையைப் பார்த்துத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"இதோ, தண்டு செவப்பா, கட்டையா இருக்குதே, இதெல்லாம் களைங்க. வேரோட புடுங்கிடுங்க," என்றாள். "இந்த நீட்ட எலையா வர்றது இருக்கட்டும்."

இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பிடுங்கினேன். ஒரு சிவப்புத் தண்டு தப்பவில்லை. மிச்சமிருந்ததற்குக் காலையும் மாலையும் நாலு வாளி தண்ணீர் ஊற்றினேன். ஆடு வராமல் முள் வேலி கட்டினேன். 'பீட்ரூட்' என்று அட்டையில் எழுதி நட்டேன். செடி முழங்கால் உயரம் வந்தது. நுனியைக் கிள்ளிவிட்டால் கீழே கிழங்கு பெருக்கும் என்று சொல்லி, தீர்த்தம்மாளே வாரம் இரண்டு தடவை கிள்ளிக்கொடுத்தாள். அந்த மாதங்களில் வீட்டில் அடிக்கடி ஒரு கீரைக் கடையல். அப்படி ஒரு ருசியை நான் சாப்பிட்டதில்லை. கீரை எங்கே வாங்கினாய் என்று கேட்டால், "பக்கத்துலதாங்க கெடச்சுது," என்பாள். நானும் இன்னொரு கரண்டி போடச் சொல்வேன்.

ஆடிப் பதினேழு காலை. நாளைக்குச் சமையல். கூடையை எடுத்துக்கொண்டு பாத்தியில் இறங்கி முதல் செடியைப் பிடுங்கினேன். அடியில் நூல் மாதிரி வேர். அடுத்ததைப் பிடுங்கினேன். அதிலும் நூல். பன்னிரண்டு செடி பிடுங்கிவிட்டுப் பாத்தியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நிஜமாகவே பயமாக இருந்தது. ஆபீசில் முப்பது பேர். அத்தனை பேர் கையிலும் கேமரா போன். நேரே போய்க் கண்ணாடி முன்னால் நின்று, எந்தப் பக்கத்தை எடுத்தால் கொஞ்சம் பரவாயில்லை என்று கையால் மறைத்து மறைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் சரிப்படவில்லை.

தீர்த்தம்மாள் பின்னால் வந்து நின்றாள். "தம்பி வரட்டும். நீங்க மட்டும் வாயத் தொறக்காதீங்க," என்றாள்.

மறுநாள் வீரமணி வந்தான். கையில் ஒரு புது ஷேவிங் ரேசர். எனக்காக வாங்கி வந்ததாம். அதை என் சட்டைப் பையில் செருகிவிட்டு நேரே புழக்கடைக்குப் போனான். நான் மீசையைக் கையால் பொத்திக்கொண்டு பின்னால் போனேன். அவன் பாத்தியைப் பார்த்தான். அட்டையைப் பார்த்தான். உட்கார்ந்து ஓர் இலையைக் கிள்ளி மோந்து பார்த்தான். சிரிப்பான் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவன் சிரிக்கவில்லை.

"அக்கா, இது பண்ணக்கீர இல்ல?"

பண்ணைக்கீரை என்றால் காட்டில் தானாக முளைக்கிற களை. இரண்டு மாதமாக நான் வேலி போட்டு வளர்த்தது அதைத்தான் என்று அந்த நிமிடம்தான் எனக்குத் தெரியும். தீர்த்தம்மாள் சமையலறை வாசலில் நின்று நிதானமாகச் சொன்னாள்.

"ஆமாடா. இந்த எடம் முன்ன கடலக்காடு, மண்ணுல வெத கெடந்துருக்குது. நம்ம காட்டுல இனி ஏது? நீதான் களக்கொல்லி அடிச்சு அடிச்சு ஒண்ணுமில்லாமப் பண்ணிட்டியே. அதான் ஒங்க மாமா தனியா பாத்தி கட்டி வளத்தாரு."

"அப்ப இந்த அட்ட?"

"கீரைன்னு எழுதுனா ஆளாளுக்குக் கிள்ளிட்டுப் போயிடுவாங்கல்ல."

வீரமணி நேரே வந்து இலை முன்னால் உட்கார்ந்தான். மூன்று உருண்டை ராகிக் களி. கடையல் சட்டியை வழித்து வழித்துச் சாப்பிட்டான். இதைத் தின்று பத்து வருஷமாச்சு என்று ஒரு தடவை சொன்னான். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"தோத்துட்டேன் மாமா. வெத கட்டுனா எனக்கும் கொஞ்சம் எடுத்து வைங்க."

ஐந்து ஏக்கர்க்காரன் என்னிடம் விதை கேட்கிறான்.

அவன் பஸ் ஏறியதும் தீர்த்தம்மாளிடம் மனசுவிட்டுச் சொன்னேன். களையைப் பயிர் என்று நினைத்து வளர்த்த முட்டாள் நான், நீ இல்லாவிட்டால் நாளைக்கு என் முகம் ஊர் முழுக்கப் போனில் சுற்றியிருக்கும் என்றேன். அவள் சட்டி கழுவியபடியே கேட்டாள்.

"நீங்க எங்க நெனச்சீங்க? களை எதுன்னு நான்தான காட்டுனேன்?"

"அப்ப நான் புடுங்குனது?"

"அதுதாங்க பீட்ரூட்டு."

நான் புழக்கடையில் நட்டிருந்த அட்டையை எட்டிப் பார்த்தேன்.

"இந்த மண்ணுல அது கோலிக்குண்டு அளவுதான் வரும். அத வெச்சு ஒங்க மீசையக் காப்பாத்த முடியுமா? பண்ணக்கீரன்னா எந்தம்பி வாயத் தொறக்கமாட்டான்னு எனக்குத் தெரியும். எனக்கும் அதத் தின்னு பல வருசம் ஆயிருந்துச்சு."

கோபப்பட்டுப் பார்த்தேன், வரவில்லை. இரண்டு மாதம் எனக்கே தெரியாமல் என் மீசைக்குக் காவல் இருந்தவளிடம் எப்படிக் கோபப்படுவது? வயிறும் நிறைந்திருந்தது. இருந்தாலும் ஆம்பளை என்று ஒரு கெத்து வேண்டுமே. அடுத்த மாதம் கேரட் போடப்போகிறேன், முழுக்க முழுக்க என் யோசனைதான் என்று மீசையை முறுக்கிக்கொண்டு சொன்னேன்.

"தாராளமாப் போடுங்க," என்றாள் தீர்த்தம்மாள். "மொளச்சதும் கூப்புடுங்க, களை எதுன்னு நான் காட்டுறேன்."