பேர் குறைச்சல்

மேல் தட்டிலிருந்த பட்டுத் துணியை எடுக்க சண்முகவேல் அண்ணாந்து பார்த்தான். கடை ஒரு சுற்றுச் சுற்றியது. கண்ணைத் திறந்தபோது, துணி எடுக்க வந்திருந்த அம்மாளின் மடியில் இருந்தான்.

"குத்தூஸ் பாய், பூமி ஆடுச்சா?"

"பூமியெல்லாம் சரியாத்தான் இருக்கு. நீதான் ஆடுற," என்றார் அவனோடு அதே கடையில் வேலை பார்த்த அப்துல் குத்தூஸ். காரைக்கால்காரர். கேட்காமலே யோசனை சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. "முதலாளி பாத்தா சீட்டைக் கிழிச்சிடுவாரு. முதல்ல டாக்டரைப் பாரு."

வியட்நாமின் சைகோனில் மாதத்துக்கு ஒரு ஜெனரல் ஆட்சிக்கு வந்து, வந்த வேகத்திலேயே விழுந்துகொண்டிருந்த வருடம் அது. ஒரு துணிக்கடைச் சிப்பந்தி விழுவதை ஊர் கண்டுகொள்ளாதுதான். ஆனால் இராமகிருஷ்ணன் கண்டுகொள்வார். பென்தான் என்னும் பெரிய சந்தையில் மசாலாக் கடை வைத்திருந்த அவர், தம் ஒரே மகள் நாச்சியாரை இவனுக்குக் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். நாச்சியாரை இவன் வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலில் பார்ப்பான். அவளும் பார்ப்பாள். அவள் இல்லையென்றால் தனக்கு வேறு கல்யாணமே வேண்டாம் என்று இருந்தான்.

நெற்றி நிறைய விபூதியோடு வலம் வரும் இராமகிருஷ்ணன் ஏற்கெனவே ஆறு வரன்களைத் தட்டிக் கழித்தவர். எல்லாம் குடி விஷயம்தான் என்று சந்தையில் பேச்சு. அந்த விஷயத்தில் மனிதர் படு கறாராம். ஏழாவது வரன் இப்படித் தள்ளாடினால் என்ன ஆகும்? சண்முகவேலுக்கு நினைக்கவே பயமாக இருந்தது.

டாக்டர் மொரீஸ் புதுச்சேரித் தமிழர். பாதி தமிழ், பாதி பிரெஞ்சு, இரண்டும் வேகம். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். ரத்தம் எடுத்து அனுப்பினார். மறுவாரம் முடிவோடு உட்கார்ந்தார்.

"கோளாறு காதுல, மிசியே. நாம நிமிர்ந்து நிக்கிறதுக்கு உள்காதுல ஒரு தராசு இருக்கு. அது ஆடுது. இன்னொண்ணு, உங்களுக்குப் பேர் ரொம்பக் கம்மி."

"பேரா?"

"ஆமா, பேர். ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கலாம்னு எனக்கு ஒரு சந்தேகம். இல்லாமலும் இருக்கலாம். ஆனா பேர் ஏத்திப் பாக்கிறதுல நஷ்டமில்லை."

"எப்படி டாக்டர் ஏத்துறது?"

"கொஞ்சம் கொஞ்சமா. அவசரப்பட்டா வயித்தைக் கலக்கும். அப்புறம், வெளியே போறப்போ கறுப்பாத் தெரியும். பயந்துடாதீங்க. மாத்திரை கப்பல்ல வரணும். அதுவரைக்கும் நீங்களாத்தான்..."

அதற்குள் பிரசவ வலியோடு ஒரு பெண்ணை வாசலில் கொண்டுவந்து இறக்கினார்கள். டாக்டர் ஓடிவிட்டார்.

விஷயத்தைக் கேட்ட குத்தூஸ் பாய்க்கு ஒரே உற்சாகம். "சரியாத்தான் சொல்லியிருக்காரு. உனக்கு ஊர்ல என்ன பேரு இருக்கு சொல்லு? ஒரு பேரும் இல்லை. மனுசனுக்குப் பேரில்லேன்னா தலை நிமிர முடியுமா? தலை சுத்தத்தான் செய்யும். நாலு பேருக்கு முன்னாடி நின்னு ஒரு நல்ல காரியம் பண்ணு."

அந்த வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் அன்னதானம். பாயச வாளியை யார் தூக்குவது என்ற கேள்வி எழுவதற்கு முன்பே சண்முகவேல் தூக்கிவிட்டான். முதல் வரிசை நன்றாகவே போயிற்று. இரண்டாவது வரிசையில் இராமகிருஷ்ணனின் இலைக்கு முன்னால் குனிந்தான். உலகம் புரண்டது. வாளியும் புரண்டது. வருங்கால மாமனாரின் தொப்பைக்குப் பால் பாயச அபிஷேகம் நடந்தது.

கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. இராமகிருஷ்ணன் சிரிக்கவில்லை. அவனைத் தூண் ஓரமாக அழைத்துப்போய், முகத்தருகே மூக்கை நீட்டி ஒருமுறை முகர்ந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"எவ்வளவு நாளா தம்பி?"

"ரெண்டு மூணு மாசமா, மாமா."

"தினமுமா?"

"தினமும்தான். காலையில எழுந்ததும்தான் ஜாஸ்தி."

"காலையிலேயேவா!" இராமகிருஷ்ணனின் கண்கள் விரிந்தன. கூட்டத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "வெளியில சொல்லிக்காதீங்க. நானும் சொல்ல மாட்டேன்."

கல்யாணம் பாதி போய்விட்டது என்று முடிவு செய்துகொண்டான் சண்முகவேல்.

"பாயசம் சின்ன விஷயம்," என்றார் குத்தூஸ் பாய். "திருவிழா வருதுல்ல? உசரத்துல ஏறித் தோரணம் கட்டு. ஊரே அண்ணாந்து பாக்கும்."

ஊர் அண்ணாந்து பார்த்தது. அவனும் அண்ணாந்து பார்த்தான், அதுதான் தப்பாகப் போயிற்று. ஏணி ஒரு பக்கம், இவன் ஒரு பக்கமாக, மாவிலைத் தோரணத்தைச் சுற்றிக்கொண்டு பூக்காரியின் கூடைக்குள் வந்து இறங்கினான்.

"பட்டப்பகல்லயே ஊத்திட்டு வந்திருக்கான் பாரு," என்று யாரோ சொன்னார்கள். சாயங்காலத்துக்குள் அவனுக்கு ஒரு பேர் வந்துவிட்டது. குடிகார வேலு.

மறுநாள் இராமகிருஷ்ணன் வீட்டிலிருந்து மிளகு போட்டு வறுத்த முந்திரி ஒரு பொட்டலம் வந்தது. அதற்கு மறுநாள் ஒரு பெட்டி சோடா வந்தது.

"இதுக்கு என்ன பாய் அர்த்தம்?"

குத்தூஸ் பாய் முந்திரியை மென்றபடி யோசித்தார். "பொண்ணு இல்லைங்கிறதை நாகரிகமாச் சொல்றாரு. பெரிய மனுசரு. சோடா உன் வயித்தெரிச்சலுக்கு."

சண்முகவேலுக்கு அழுகையே வந்துவிட்டது. இனி ஒரே வழி, ஒரேயடியாகப் பேர் எடுப்பது. கரகம் எடுப்பதாக அம்மனுக்கு வேண்டிக்கொண்டான்.

அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கரகத்தோடு ஆடியவன் மூன்றாவது சுற்றில் நிற்கவே இல்லை. கரகத்தைப் பூசாரி எட்டிப் பிடித்துவிட்டார். சண்முகவேலை யாரும் பிடிக்கவில்லை. தெருவோரம் சவாரிக்குக் காத்திருந்த ஒரு சைக்ளோ ரிக்‌ஷாவின் முன்னிருக்கையில் போய் விழுந்தான். சைக்ளோக்காரர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். தள்ளாடுகிறவர்கள் எங்கே போவார்கள் என்பது அவருக்குத் தெரியும். நேரே மிதித்துக்கொண்டுபோய் அமெரிக்கச் சிப்பாய்கள் குடிக்கும் மதுக்கடை வாசலில் இறக்கினார். கழுத்தில் மாலையும் இடுப்பில் மஞ்சள் துண்டுமாக அவன் அங்கே உட்கார்ந்திருந்ததைச் சந்தையே பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரும்படி இராமகிருஷ்ணனிடமிருந்து ஆள் வந்தது.

எப்படியும் கழுத்தைப் பிடித்துத் தள்ளத்தான் கூப்பிடுகிறார். அதற்குமுன் உண்மையையாவது சொல்லிவிட வேண்டும் என்று, டாக்டர் மொரீஸின் கையைக் காலைப் பிடித்துச் சாட்சிக்கு அழைத்துப்போனான்.

இராமகிருஷ்ணன் அன்று தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, புதுச் சட்டை போட்டிருந்தார். மேஜைமேல் வறுத்த இறால் இருந்தது. டாக்டரைக் கண்டதும் முகம் சற்றுச் சுருங்கியது. "டாக்டர் எதுக்கு?"

"இவருக்குக் காதுல கோளாறு, மிசியே. அதனாலதான் விழறார்," என்றார் மொரீஸ். "நான் சொன்னபடி ஏத்தினீங்களா, சண்முகவேல்?"

"எங்க டாக்டர்? ஏத்த ஏத்தப் பேர் கெட்டுத்தான் போச்சு. பாயசம் ஊத்தினேன், தோரணம் கட்டினேன், கரகம்..."

"பாயசமா? நான் முருங்கைக்கீரை, ஈரல் சாப்பிடுறதைச் சொல்றேன்யா! ஃபேர்! பிரெஞ்சுல இரும்பு! ரத்தத்துல இரும்புச் சத்து கம்மி!"

"நீங்க பேர்னுதானே டாக்டர் சொன்னீங்க?"

"பேர் இல்லை, ஃபேர். ஃஃபேர்!"

"அதான் டாக்டர், பேர்."

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "கோளாறு காதுலன்னு நான் அப்பவே சொன்னேன்."

"அப்ப, வெளியே போறப்போ கறுப்பாத் தெரியும்னது?"

"அது கக்கூஸ் விஷயம்!"

உள்ளே நாச்சியார் சிரிக்கும் சத்தம் கேட்டது. சண்முகவேலுக்கு உயிர் வந்தது.

"இரும்பு ஏறினா சுத்தல் நிக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்," என்றார் டாக்டர். "காது தனி, ரத்தம் தனியாவும் இருக்கலாம்."

"நான் பண்றேன் சத்தியம்!" சண்முகவேல் எழுந்தான். கொஞ்சம் ஆடியது, நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். "மாமா, ஊர் என்ன வேணாலும் சொல்லட்டும். அம்மன் சாட்சியா, பொறந்ததிலேருந்து ஒரு சொட்டுத் தொட்டதில்லை. இனியும் தொட மாட்டேன்!"

"ஒரு சொட்டுகூடவா?" இராமகிருஷ்ணனின் குரல் உடைந்திருந்தது.

"ஒரு சொட்டுகூட!"

அவர் நாற்காலியில் அப்படியே சாய்ந்து கூரையைப் பார்த்தார்.

இரண்டு கண்ணாடித் தம்ளர்களும் சோடாவுமாக வந்த நாச்சியார், வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"கெடுத்தீங்களே காரியத்தை! கூட உக்காந்து குடிக்க மாட்டேன்னு இதே மாதிரி சத்தியம் பண்ணினதாலதானே அந்த ஆறு பேரையும் எங்கப்பா வேணாம்னு அனுப்பினார்!"