உனக்காக நான் மனநல டாக்டரைப் பார்த்து வந்த விவரம்

குத்தாலம்

அன்புள்ள மாப்பிள்ளை செந்தில்குமாருக்கு,

அத்தான் துரைராசு எழுதுவது. இங்கு நானும் உன் அக்காள் நாகம்மாளும் மாடு கன்றுகளும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று முறைப்படி கேட்க வேண்டும். இல்லை என்று தெரிந்திருப்பதால் கேட்கவில்லை. போன் செய்தால் நீ எடுப்பதில்லை. மேகலா எடுத்து உன்னிடம் நீட்டினாலும் அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லச் சொல்கிறாயாம். கடிதத்தை அப்படித் திருப்பி அனுப்ப முடியாது என்பதால் தபாலில் போடுகிறேன்.

புயலில் பாதித் தோப்பு சாய்ந்தபோதுகூட மறுநாளே கடப்பாரையோடு கிளம்பியவன் நீ. இப்போது காய்ப்பு நன்றாக இருக்கும்போது தோப்புப் பக்கமே போவதில்லை, சோறு இறங்குவதில்லை, குளிப்பதற்குக்கூட யாராவது சொல்ல வேண்டியிருக்கிறது. நாங்கள் பேராவூரணிக்கு வந்திருந்தபோது மனநல டாக்டரைப் பார் என்று உன் அக்காள் சொன்னதற்கு, அங்கே போனால் தலையில் கரண்ட் வைத்துவிடுவார்கள், வேண்டுமானால் அத்தான் முதலில் போய்விட்டு வந்து சொல்லட்டும் என்றாய். பேச்சை முடிக்கத்தான் அப்படிச் சொன்னாய் என்று எனக்குப் புரிந்தது. உன் அக்காளுக்குப் புரியவில்லை. நடவு முடிந்த கையோடு என்னைத் தஞ்சாவூர் ரயிலில் ஏற்றிவிட்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டேன், வெயிலுக்காக. உள்ளே யாராவது கத்திக்கொண்டிருப்பார்கள், கட்டிப்போட்டிருப்பார்கள் என்று நினைத்துப் போனால், பேங்கில் உட்கார்ந்திருப்பது போல எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு அம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். காலியாக இருந்த ஒரே நாற்காலியில் போய் உட்கார்ந்தால் பக்கத்தில் நம் உரக்கடை நெய்னா முகம்மது. துண்டை இன்னும் இழுத்துவிட்டேன், ஆனால் என் செருப்பை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். யாருக்காக வந்தீர்கள் பாய் என்றேன். "எனக்குத்தான். ரொம்ப வருஷமா வர்றேன். நீங்க?" என்றார். மச்சினனுக்கு என்றேன். மச்சினன் எங்கே என்றார். ஊரில் இருக்கிறான் என்றேன். அவர் வேர்க்கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினார்.

டாக்டர் ஆனந்தவல்லிக்கு நம் வீட்டுப் பெண் சுவேதா வயதைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்கும். படுக்க வைப்பார், விளக்கடிப்பார் என்று எதிர்பார்த்தேன். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, அவ்வளவுதான். கரண்ட் சமாசாரமாக அந்த அறையில் நான் பார்த்தது ஏ.சி. மட்டும். என்ன தொந்தரவு என்று கேட்டதும், ரயிலில் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்த உன் தொந்தரவுகளை எல்லாம் என் தொந்தரவாக ஒப்பித்தேன். யார்கூடவும் பேசப் பிடிக்கலைங்க, சோறு இறங்கலைங்க, தென்னந்தோப்புப் பக்கம் போகவே கால் வரலைங்க என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, குத்தாலத்தில் தென்னந்தோப்பா என்றார். கொல்லையில் நாலு மரம் நிற்கிறது என்றேன். அவர் சிரிக்கவில்லை. வேறு வழியில்லாமல் உன்னைப் பற்றி உள்ளதைச் சொன்னேன்.

அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவரைப் பாக்காம நான் மருந்து எழுத முடியாதுங்க. அவர் வரட்டும். கூட நம்பிக்கையான ஆள் ஒருத்தர் வந்தா நல்லது." சரி என்று எழுந்தேன். உட்காருங்கள், உங்களுக்குத் தூக்கம் எப்படி என்றார்.

அது நான் மனப்பாடம் செய்யாத கேள்வி, மாப்பிள்ளை. ஏ.சி. காற்று எனக்கு ஒத்துக்கொள்ளாமல் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் அவசரப்படுத்தாமல் டிஷ்யூ டப்பாவை நகர்த்திவைத்தார். பிறகு கொஞ்ச நேரம் பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தோம். அது இந்தக் கடிதத்துக்குத் தேவையில்லை.

நீ தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். தூக்கம், பசி, குடிப்பழக்கம், குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா, எல்லாம் கேட்பார்கள். செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்றும், சர்க்கரை இருக்கிறதா என்பது போலக் கேட்பார்கள். அதிர்ச்சியடையாதே, தோன்றினால் தோன்றுகிறது என்று சொல்லிவிடு. அந்தக் கேள்விக்கு உன் பதில் என்ன என்று எங்கள் யாருக்கும் தெரியாது. உன் அக்காள் தினமும் மேகலாவுக்குப் போன் போடுவது அதனால்தான். ரத்தம் எடுத்து தைராய்டு பார்க்கச் சொல்லலாம். மாத்திரை கொடுத்தால் வேலை செய்ய ரெண்டு மூணு வாரம் ஆகுமாம், நாமாக நிறுத்தக் கூடாதாம். நீ சொல்வது வெளியே போகாது. உன் அக்காள் மறுநாளே அங்கே போன் போட்டு விசாரித்ததில், சொல்ல முடியாது என்று வைத்துவிட்டார்களாம். உன் அக்காளையே சமாளித்தவர்கள் மற்றவர்களை எளிதாகச் சமாளிப்பார்கள்.

ஆகவே அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. எனக்கு ஒரு குறையும் இல்லை என்பதும் இந்தப் பயணத்தில் தெரிந்துவிட்டதால் எல்லோருக்கும் லாபம்தான். மேகலாவையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்லவும். நீங்கள் எல்லோரும் நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்
துரைராசு

பி.கு.: உன் அக்காள் மேலே உள்ளதைப் படித்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருக்கிறாள். ஒட்டுவதற்குமுன் இதையும் எழுதுகிறேன். ஏ.சி. நன்றாகத்தான் இருந்தது. டாக்டர் எனக்கும் மாத்திரை எழுதியிருக்கிறார், சத்து மாத்திரை என்று சொல்லிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். வருகிற வியாழக்கிழமை மறுபடி வரச் சொன்னார்கள். தனியாகப் போகக் கால் வரவில்லை. நீ தஞ்சாவூர் ஸ்டேஷனுக்கு வந்துவிடு. உன்னைக் கூட்டிக்கொண்டு போனதாக இங்கே நான் சொல்லிக்கொள்கிறேன். என்னைக் கூட்டிக்கொண்டு போனதாக அங்கே நீ சொல்லிக்கொள்.